கொலையாளி ஜேசன் இல்லைங்க! ஹாலிவுட் ஸ்லாஷர் படங்களுக்கு இத்தாலி கொடுத்த கறுப்புக் கையுறை

வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண். அடுப்பில் பாப்கார்ன் பொரிகிறது. போன் அடிக்கிறது. மறுமுனையில் இருப்பவன் ஜாலியாகத்தான் பேச ஆரம்பிக்கிறான். ஆனால், போகப் போக விளையாட்டு விபரீதமாகிறது. அவளுடைய காதலனைக் கட்டிப்போட்டுவிட்டு, சினிமா க்விஸ் நடத்துகிறான். சரியான பதில் சொன்னால் அவன் உயிர் பிழைப்பான்.

கேள்வி இதுதான்: 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் கொலையாளி யார்?

"ஜேசன்!" என்று கத்துகிறாள். தப்பு. காதலன் காலி.

1996-ல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தின் ஆரம்பக் காட்சி இது. நம்மில் பாதிப் பேர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். ஹாக்கி மாஸ்க், கையில் பட்டாக்கத்தி... மீம்ஸ் வரைக்கும் வந்துவிட்ட ஜேசனை யாருக்குத்தான் தெரியாது? ஆனால், 1980-ல் வந்த முதல் பாகத்தில் கொலைகளைச் செய்வது ஜேசன் இல்லை, அவனுடைய அம்மா. ஜேசன் கொலையாளியாக வருவது 1981-ல், இரண்டாம் பாகத்தில். அந்த ஹாக்கி மாஸ்க் அவன் முகத்துக்கு வந்ததே 1982-ல், மூன்றாம் பாகத்தில்தான்.

(ஸ்பாய்லர் அலர்ட் கொடுக்காததற்கு ஸாரி மக்களே. படம் வந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு!)

அது சரி, முதல் பாகத்தில் மட்டும் ஏன் கடைசிவரை கொலையாளியின் முகத்தையே காட்டவில்லை? கை, கால், மூச்சுச் சத்தம் மட்டும் காட்டிவிட்டு, க்ளைமாக்ஸில் திரையை விலக்கும் அந்த டெக்னிக் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால், அமெரிக்காவைத் தாண்டி நேராக இத்தாலியில் போய் நிற்போம்.

மஞ்சள் அட்டைப் புத்தகங்கள்

இத்தாலிய மொழியில் 'ஜாலோ' என்றால் மஞ்சள். 1929-ல் மிலன் நகரத்தின் மொன்டடோரி பதிப்பகம், துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட ஆரம்பித்தது. அகதா கிறிஸ்டி, எட்கர் வாலஸ் மாதிரியான பிறமொழி எழுத்தாளர்களின் கதைகள் மொழிபெயர்ப்பாக வந்தன. செம ஹிட். மற்ற பதிப்பகங்களும் அதே கலரைப் பிடித்துக்கொள்ள, இத்தாலியர்களுக்கு 'மஞ்சள்' என்றாலே மர்மக் கதை என்றாகிவிட்டது. இன்றைக்கும் அங்கே எந்த க்ரைம் கதையையும் 'ஜாலோ' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால், உலக சினிமா ரசிகர்கள் 'ஜாலோ' என்று சொன்னால், அது 60-களிலும் 70-களிலும் இத்தாலியில் வந்த ஒரு குறிப்பிட்ட வகைப் படம். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மரியோ பாவா. அடிப்படையில் ஒளிப்பதிவாளர். இவருடைய அப்பாவும் ஒளிப்பதிவாளர்தான். கம்மி பட்ஜெட்டில் கலர் விளக்குகளை வைத்தே மாயாஜாலம் காட்டுகிற ஆள். 1963-ல் இவர் எடுத்த 'த கேர்ள் ஹூ நியூ டூ மச்' ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ரோமுக்குச் சுற்றுலா வந்த பெண் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள், யாரும் நம்பவில்லை என்பது கதை.

அடுத்த வருடமே வந்த 'பிளட் அண்டு பிளாக் லேஸ்'தான் ஃபார்முலாவை எழுதியது. ஒரு ஃபேஷன் ஹவுஸ். மாடல்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொலையாளிக்கு கறுப்புத் தொப்பி, கறுப்பு கோட், கறுப்புக் கையுறை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் துணி. கண், மூக்கு எதுவும் இல்லை. ஆணா, பெண்ணா என்றே சொல்ல முடியாது. கொலை நடக்கும் இடமெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் வழியும்.

1970-ல் டாரியோ அர்ஜென்டோ வந்தார். பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். முதல் படம், 'த பேர்டு வித் த கிறிஸ்டல் ப்ளூமேஜ்'. ரோமில் இருக்கும் ஓர் அமெரிக்க எழுத்தாளர், ராத்திரியில் ஒரு ஆர்ட் கேலரியைத் தாண்டிப் போகிறார். உள்ளே ஒரு பெண் தாக்கப்படுகிறாள். காப்பாற்ற ஓடியவர், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். பார்க்க முடிகிறது, எதுவும் செய்ய முடியவில்லை. அன்றைக்குப் பார்த்ததில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று படம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டே இருப்பார். அது என்ன என்பதுதான் படத்தின் முடிச்சு. இசை, எனியோ மோரிகோனே!

படம் உலகம் முழுக்க ஓட, இத்தாலியில் ஜாலோ வெள்ளம். இன்னொரு குட்டித் தகவல்: அர்ஜென்டோவின் பல படங்களில் குளோசப்பில் வரும் கொலையாளியின் கைகள் அவருடைய சொந்தக் கைகள்தான்.

எல்லோரும் சாகும் வளைகுடா

ஸ்லாஷருக்கு மிக நெருங்கிய சொந்தம் என்றால், பாவா 1971-ல் எடுத்த 'எ பே ஆஃப் பிளட்'. ஒரு வளைகுடா ஓரத்துச் சொத்து. அதை யார் எடுத்துக்கொள்வது என்பதில் ஆளாளுக்குப் போட்டி. அந்தப் போட்டியில் கொலைமேல் கொலை. மொத்தம் 13 பேர் செத்துப்போகிறார்கள்.

நடுவில் நான்கு இளசுகள் காரில் வந்து இறங்குகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பார்ட்டி. ஒருத்தி தண்ணீரில் குளிக்கிறாள். ஒரு ஜோடி படுக்கையறைக்குப் போகிறது. சொத்துச் சண்டைக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால், நால்வரும் காலி.

தண்ணீர், மரங்கள், இளசுகள், வரிசையாகக் கொலை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இருக்கணும்!

இந்தப் படம் அமெரிக்காவில் பல பெயர்களில் சுற்றியது. அதில் ஒரு பெயர் 'லாஸ்ட் ஹவுஸ் பார்ட் டூ'. 1972-ல் வந்த 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்' படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால், இரண்டையும் அமெரிக்காவில் விநியோகித்தது ஒரே கம்பெனி. அந்த 'லாஸ்ட் ஹவுஸ்' படத்தைத் தயாரித்தவர் ஷான் கன்னிங்ஹாம், இயக்கியவர் வெஸ் க்ரேவன். பின்னாளில் 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' எடுத்தது இதே கன்னிங்ஹாம். 'ஸ்க்ரீம்' எடுத்தது இதே க்ரேவன். உலகம் ரொம்பச் சின்னது பாஸ்!

கார்பென்டர் போட்ட பாதை

நேர்மையாகச் சொன்னால், ஸ்லாஷருக்கு ஒரே ஒரு அப்பா கிடையாது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இருக்கிறது. போன் மிரட்டல், கொலையாளியின் கண்ணாக மாறும் கேமரா என்று கலக்கிய கனடா படம் 'பிளாக் கிறிஸ்துமஸ்' (1974) இருக்கிறது. ஆனால், 1978-ல் 'ஹாலோவீன்' எடுத்த ஜான் கார்பென்டர், தான் அர்ஜென்டோவின் ரசிகன் என்பதை மறைத்ததே இல்லை.

சுமார் 3 லட்சம் டாலர் பட்ஜெட். கடையில் வாங்கிய 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து மைக்கேல் மயர்ஸ் முகமாக்கினார்கள். அந்த வெறுமையான வெள்ளை முகத்தையும், பாவாவின் முகமில்லாத கொலையாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசையும் கார்பென்டரே. திரும்பத் திரும்ப அடிக்கும் அந்தச் சின்ன பியானோ துணுக்கைக் கேட்கும்போது, அர்ஜென்டோவின் 'டீப் ரெட்' (1975) படத்துக்கு கோப்ளின் இசைக்குழு போட்ட தீம் ஞாபகத்துக்கு வரும்.

அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.7 கோடி டாலர் வசூல். ஸ்டார் வேண்டாம், பெரிய செட் வேண்டாம். ஒரு தெரு, ஒரு முகமூடி, ஒரு பண்டிகை நாள் போதும். தயாரிப்பாளர்களின் கண்ணில் டாலர் மின்ன ஆரம்பித்தது.

கதையே இல்லை, விளம்பரம் ரெடி!

கன்னிங்ஹாம் செய்த முதல் வேலை, 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அப்போது கையில் இருந்தது தலைப்பு மட்டும்தான். சுமார் 5.5 லட்சம் டாலரில், நியூ ஜெர்ஸியில் ஒரு நிஜ சாரணர் முகாமில் ஷூட்டிங். 'பாரமவுன்ட்' மாதிரி பெரிய ஸ்டுடியோ வாங்கி வெளியிட, அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் அள்ளியது.

படத்தின் எலும்புக்கூடு பக்கா ஜாலோ. கொலையாளி யார் என்று தெரியாது. கைகள் மட்டும் வரும். பழைய காயம் ஒன்று காரணமாக இருக்கும். கடைசியில் நாம் சந்தேகப்படாத ஓர் ஆள். அங்கே அர்ஜென்டோவின் கை மாதிரியே இங்கேயும் ஒரு டூப்: படத்தில் கொலையாளியின் கைகளாக வந்தது நடிகை பெட்சி பால்மரின் கைகள் இல்லை, மேக்கப் குழுவில் இருந்த ஓர் ஆணின் கைகள். பார்ப்பவர்கள் ஆண் என்றே நினைக்க வேண்டுமே!

அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் இன்னும் தைரியம். படுக்கையில் இருக்கும் ஜோடியை ஒரே ஈட்டியால் சேர்த்துக் குத்தும் காட்சி, முகத்தில் இறங்கும் வெட்டு என இரண்டுமே 'எ பே ஆஃப் பிளட்' படத்தில் 10 வருடம் முன்பே வந்தவை. இரண்டையும் பார்த்தவர்கள் 'தற்செயல்' என்ற வார்த்தையைச் சொல்ல ரொம்பவே தயங்குவார்கள்.

1980 முதல் 1983 வரை வாராவாரம் ரத்தம்தான். சில சாம்பிள்கள்:

* 'ட்ரெஸ்டு டு கில்' (1980): பிரையன் டி பால்மா படம். ஹிட்ச்காக் பக்தர்தான். ஆனால் சவரக்கத்தி, கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் நகரத்து அபார்ட்மென்ட் எல்லாமே ஜாலோ வாசனை.

* 'நைட் ஸ்கூல்' (1981): பாஸ்டன் நகரம். தலைமுதல் கால்வரை கறுப்பு லெதர், முகத்தில் பைக் ஹெல்மெட் என்று சுற்றும் கொலையாளி. இதே கெட்டப் 1974-ல் 'வாட் ஹேவ் தே டன் டு யுவர் டாட்டர்ஸ்?' என்ற இத்தாலியப் படத்தில் வந்தாச்சு.

* 'த பர்னிங்' (1981): கோடை முகாம், பெரிய தோட்டக் கத்திரி. மேக்கப் டாம் சவினி. 'ஃப்ரைடே' முதல் பாகத்துக்கும் இவர்தான். வியட்நாம் போரில் ராணுவ போட்டோகிராபராக இருந்தவர். அங்கே பார்த்த உடல்கள்தான் இவருக்குப் பாடப்புத்தகம்.

* 'ஹேப்பி பர்த்டே டு மீ' (1981): கனடாவில் எடுத்தது. பணக்காரப் பள்ளி மாணவர்கள், ஞாபகம் தொலைத்த நாயகி, கடைசி நிமிட ட்விஸ்ட். ரோமில் நடந்திருந்தால் அப்படியே ஜாலோதான்.

கடல் தாண்டும்போது தொலைந்தது என்ன?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கையுறை கடல் தாண்டியது. ஆனால், கண் மாறிப்போனது.

ஜாலோவின் ஹீரோ பெரும்பாலும் ஒரு சாட்சி. எழுத்தாளர், இசைக் கலைஞர், சுற்றுலாப் பயணி என்று யாரோ ஒருவர். அவர் எதையோ பார்த்துவிடுகிறார், ஆனால் சரியாகப் பார்க்கவில்லை. படம் முழுக்க தன் ஞாபகத்தோடு சண்டை போடுகிறார். அதாவது, 'நீ பார்த்தது நிஜமா?' என்று நம்மைக் கேட்கும் படம் அது. கதை மாந்தர்கள் வளர்ந்தவர்கள், நகரத்தில் வாழ்பவர்கள். கொலைக்குக் காரணம் பெரும்பாலும் பணம், ரகசியம் அல்லது பழைய மனக்காயம்.

ஸ்லாஷரில் சாட்சியும் இல்லை, துப்பறிவதும் இல்லை. போலீஸ் வந்தாலும் லேட்டாகத்தான் வரும். கதை மாந்தர்கள் டீன் ஏஜ். 'யார்?' என்ற கேள்வி மெள்ள மறைந்து, 'அடுத்து யார்?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. ஜேசனின் முகமூடி அதனால்தான் ஹிட். அது யாருடைய முகத்தையும் மறைக்கவில்லை. அதுவே அவன் முகம்.

முக்கியமான மாற்றம், கேமரா. ஜாலோவிலும் கொலையாளியின் பார்வையில் ஷாட்கள் உண்டு. ஆனால், ஸ்லாஷரில் அதுவே அடையாளமானது. புதருக்குப் பின்னால் நின்று பெண்ணைப் பார்ப்பது நாம்தான். ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் நாம்தான்.

1980-ல் ஜீன் சிஸ்கெல், ரோஜர் ஈபர்ட் என்ற இரு விமர்சகர்கள் தங்கள் டி.வி நிகழ்ச்சியில் இதை வெளுத்து வாங்கினார்கள். பெண்களைத் துரத்தும் கண்ணுக்குள் பார்வையாளரை உட்கார வைக்கிறீர்கள் என்பது அவர்கள் கோபம். சிஸ்கெல் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஃப்ரைடே' விமர்சனத்தில் கொலையாளி யார் என்பதை வேண்டுமென்றே போட்டு உடைத்தார். (16 வருஷம் கழித்து 'ஸ்க்ரீம்' பொண்ணு அதைப் படித்திருந்தால் பிழைத்திருப்பாள்!) அதே நேரம், 'ஹாலோவீன்' படத்தை இருவரும் பாராட்டினார்கள். அதில் நாம் பயப்படுவது அந்தப் பெண்ணோடு சேர்ந்து என்பது அவர்கள் வாதம்.

அந்தக் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. இருட்டுத் தெருவில் பின்னால் கேட்கும் காலடிச் சத்தம், பெண்களுக்கு சினிமா எஃபெக்ட் கிடையாதே.

ஆனால், இன்னொரு பார்வையும் வந்தது. 1987-ல் கரோல் க்ளோவர் என்ற ஆய்வாளர், இந்தப் படங்களில் கடைசிவரை உயிரோடு இருப்பது ஒரு பெண் என்பதைக் கவனித்து, 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் வைத்தார். படம் கொலையாளியின் கண்ணில் ஆரம்பித்தாலும், முடியும்போது அவள் கண்ணுக்கு வந்துவிடுகிறது. தியேட்டரில் விசிலடிக்கும் இளைஞர்கள்கூட, கடைசி 20 நிமிடம் அவளாகத்தான் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், திருப்பி அடிக்கிறார்கள் என்றார்.

இதற்கும் இத்தாலியில் ஒரு அக்கா உண்டு. செர்ஜியோ மார்டினோவின் 'டோர்ஸோ' (1973) படத்தில், கால் சுளுக்கிய ஒரு பெண், தோழிகளைக் கொன்றவன் இருக்கும் அதே வீட்டில், சத்தம் வராமல் மறைந்திருப்பாள். வசனமே இல்லாத அந்த நீண்ட பகுதியை இன்று பார்த்தாலும் கை நடுங்கும்.

1982-ல் பெண்களே பதில் சொன்னார்கள். பெண்ணிய எழுத்தாளர் ரீட்டா மே பிரவுன் எழுத, ஏமி ஹோல்டன் ஜோன்ஸ் இயக்கியது 'த ஸ்லம்பர் பார்ட்டி மசாக்கர்'. கொலையாளியின் ஆயுதம் நீளமான டிரில்லிங் மெஷின். அதற்குப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் படத்தில் பாருங்கள். நக்கல் புரியும்.

அதே 1982-ல் இத்தாலியிலிருந்து அர்ஜென்டோவும் பேசினார். 'டெனிப்ரே' படத்தில், ரோமுக்கு வரும் ஓர் அமெரிக்க க்ரைம் எழுத்தாளரைப் பார்த்து, 'ஏன் உங்கள் கதைகள் பெண்களை இப்படி நடத்துகின்றன?' என்ற ரீதியில் ஒரு பெண் பத்திரிகையாளர் மடக்குவார். தன்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டையே கதையாக்கினார். அது தப்பித்தலா, ஒப்புதல் வாக்குமூலமா என்பதில் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

பிரிட்டன் அரசுத் தரப்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. 80-களில் ஆபாச வீடியோ என்று வழக்குப் போட அவர்கள் தயாரித்த பட்டியலில் 'எ பே ஆஃப் பிளட்', 'டெனிப்ரே', 'த பர்னிங்' மூன்றுமே இருந்தன. விமர்சகர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே உறவுமுறையை உறுதி செய்தது சென்சார்தான் போல!

நம்ம ஊருக்கும் வந்தது

கறுப்புக் கையுறை கடல் தாண்டியது அமெரிக்காவுக்கு மட்டும் இல்லை. 1984-ல் மணிவண்ணன் இயக்கத்தில் விஜயகாந்த், மோகன், நளினி நடித்த 'நூறாவது நாள்' ஞாபகம் இருக்கா? மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து மிரட்டுவாரே, அதே படம்தான். முன்கூட்டியே கொலை கண்ணுக்குள் தெரியும் பெண், சுவருக்குள் புதைந்திருக்கும் உடல் என்ற அந்தக் கதையின் மூலம், 1977-ல் லூச்சியோ ஃபுல்சி எடுத்த 'த சைக்கிக்' என்ற ஜாலோ. நம்ம படம் 1991-ல் மாதுரி தீட்சித் நடிக்க '100 டேஸ்' என்று இந்திக்கும் போனது. கவனித்தீர்களா? இங்கே வந்தது ஸ்லாஷர் இல்லை, சாட்சியின் கண்ணால் பார்க்கும் பழைய ஜாலோ. நளினியின் கண் வழியாகத்தான் நாம் பயப்படுகிறோம்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

எல்லாமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படங்கள். ரத்தம் ஆகாது என்பவர்கள் 'த கேர்ள் ஹூ நியூ டூ மச்' பார்க்கலாம், கறுப்பு வெள்ளை என்பதால் பிழைத்தீர்கள். மற்றவர்கள் 'கிறிஸ்டல் ப்ளூமேஜ்', பிறகு 'ஹாலோவீன்'. அதன்பின் 'எ பே ஆஃப் பிளட்' பார்த்த சூட்டோடு 'ஃப்ரைடே' முதல் இரண்டு பாகங்கள். கடைசியில் 'டெனிப்ரே'.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் கேமரா யாருடைய கண்ணாக இருக்கிறது? கதவுக்கு வெளியே கத்தியோடு நிற்பவனுடையதா, உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பவளுடையதா? ஒரு படம் உங்களைப் பயமுறுத்துகிறதா, இல்லை பயமுறுத்தப் பழக்குகிறதா என்பதற்கு பதில் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து போன் வந்து யாராவது சினிமா க்விஸ் நடத்தினால், பதில் ஞாபகம் இருக்கட்டும். ஜேசனோட அம்மா!